நடுங்கும் கைகளுக்கு ஒரு நற்செய்தி

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் கையை நம்பிப் பிழைப்பவர்கள். தறியில் அமர்ந்து நெசவு செய்பவர், செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வெள்ளிக் கொலுசுக்கு மணி வைப்பவர், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுபவர், மரவள்ளிக் கிழங்கு ஆலையில் கூலி வேலை பார்ப்பவர் ஆகிய அனைவருக்கும் கையே மூலதனம். காணி நிலம் இல்லாதவருக்கும் இரு கைகள் உண்டு. அந்தக் கை உடையவரின் சொற்படி கேளாமல் தானே நடுங்கத் தொடங்கினால், அக்குடும்பத்தின் கதி என்ன?

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. நோயாளரைச் சந்திக்க வீடுவீடாகச் செல்லும்போது, பின்கட்டிலோ திண்ணை ஓரத்திலோ ஒதுங்கி அமர்ந்திருக்கும் முதியவர் சிலரை நாம் காண்கிறோம். கை நடுங்குவதால் சோறு சிந்துகிறது, சோறு சிந்துவதால் பிறர் முன் உண்ண வெட்கம், வெட்கத்தால் தனிமை. “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்பார் ஒருவர். “இளமையில் குடித்த குடி இப்போது பேசுகிறது” என்பார் இன்னொருவர். “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்று கயிறு மந்திரிக்கச் செல்வாரும் உண்டு. மருத்துவரிடம் காட்டவேண்டும் என்ற எண்ணம் கடைசியாகத்தான் வருகிறது.

நோய் யாது?

1817ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் இந்நோயைத் தெளிவாக விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயராலேயே இது பார்க்கின்சன் நோய் என அழைக்கப்படுகிறது. நம் நாட்டு வைத்தியர்கள் கம்பவாதம் என்ற பெயரால் இத்தகைய நடுக்கத்தை நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

மூளையின் அடிப்பாகத்தில் கருநிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நம் அசைவுகள் தங்குதடையின்றி நிகழ அது இன்றியமையாதது. அவ்வுயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய். சும்மா வைத்திருக்கும் கை நடுங்கும், தசைகள் விறைக்கும், நடை தளரும், கையெழுத்து வரவரச் சிறுக்கும், முகத்தில் உணர்ச்சி மங்கும். எனினும் நடுக்கமெல்லாம் பார்க்கின்சன் நோய் ஆகிவிடாது. தம்ளரைத் தூக்கும்போது மட்டும் கை ஆடுகிற வேறொரு நடுக்கமும் உண்டு. தைராய்டுக் கோளாறாலும் சில மருந்துகளாலும்கூட நடுக்கம் வரும். எது எதுவென்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. நம் அண்டை வீட்டாரின் வேலையன்று.

வேலியோரத்துக் கொடியும் மருந்தும்

நம் ஊர் வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலிக் கொடியைச் சிறுவரும் அறிவர். அதன் காய் மேல் பட்டால் அரிப்புத் தாளாது. அதன் விதையில் லெவோடோப்பா என்னும் பொருள் இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். மூளையில் டோப்பமினுக்குள்ள பங்கை 1957இல் சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் கண்டறிந்தார். அதற்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். 1960களின் இறுதியில் லெவோடோப்பா மருந்தாகவே வழக்கத்திற்கு வந்தது. இன்றளவும் முதன்மையான மருந்து அதுவே. அதற்காக விதையைப் பறித்து வீட்டில் இடித்து உண்ணலாகாது. அளவு தெரியாத மருந்து நஞ்சாகவும் மாறும்.

இம்மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. சில ஆண்டுகள் நன்கு வேலை செய்தபின், ஒருவேளை மருந்துக்கும் அடுத்த வேளைக்கும் இடையே உடல் கட்டையாகிவிடுவதும், மருந்து ஏறிய நேரத்தில் கைகால்கள் வேண்டாமலே நெளிவதும் நேர்கின்றன. இங்கேதான் அறுவை மருத்துவம் துணைக்கு வருகிறது.

சென்னையில் ஒரு பெண்மணி

தென்னாட்டில் மூளை அறுவை மருத்துவத்தின் வரலாறு நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இத்துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். 1947இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் என்னும் இருவர் மனித மூளைக்கென ஒரு கருவியை அமைத்திருந்தனர். தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, நில அளவையர் எல்லைக்கல்லைக் குறிப்பதுபோல் மூளையின் ஆழத்தில் ஓரிடத்தை அளந்து குறித்து, மெல்லிய ஊசியை அங்கே செலுத்தும் முறை அது. சென்னையில் டாக்டர் இராமமூர்த்தியும், டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன் முதலிய அவருடைய குழுவினரும் இம்முறையில் பெயர் பெற்றனர்.

அக்குழுவில் ஒருவர் டாக்டர் டி. எஸ். கனகா. 1932இல் பிறந்தவர். 1954இல் மருத்துவப் பட்டமும், 1963இல் அறுவை மருத்துவத்தில் மேற்பட்டமும், 1968இல் மூளை நரம்பு அறுவைப் பட்டமும் பெற்றார். ஆசியாவின் முதல் பெண் மூளை நரம்பு அறுவை மருத்துவர் எனப் போற்றப்படுபவர் இவரே. சீனப் போர்க்காலத்தில், 1962-63இல், இராணுவத்திலும் பணியாற்றினார். பெருமூளை வாதத்தால் கைகால்கள் முறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கான அறுவை முறையை ஆராய்ந்து 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் அறுவைக்கூடத்துக்குள் தலைமை ஏற்பதே அரிதாயிருந்த காலம் அது என்பதை நம் பெண்மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்நாளில் நடுக்கத்துக்குக் காரணமான இடத்தைக் கண்டறிந்து, அங்கே ஒரு சிறு பகுதியைச் சுட்டு அழிப்பதே வழக்கம். பயன் உண்டு, ஆனால் சுட்டதை மீண்டும் உண்டாக்க முடியாது. அழிக்காமல், மெல்லிய மின்முனையை அங்கே பதித்து, சிறிதளவு மின்சாரத்தால் அவ்விடத்தைத் தூண்டினால் என்ன? மூளைக்குள் நெடுநாள் தங்கும் மின்முனையை இந்தியாவில் முதன்முதல் பதித்தவர் என்றும், 1975இலேயே ஆழ்மூளைத் தூண்டலைச் செய்தவர் என்றும் டாக்டர் கனகாவை மருத்துவ உலகம் குறிப்பிடுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1987இல், பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரில் டாக்டர் பெனபிட் ஒன்றைக் கண்டார். சுட்டு அழிக்குமுன் இடம் சரிதானா என்று மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது வழக்கம். நொடிக்கு நூறு முறை அளவில் விரைந்து துடிக்கும் மின்சாரத்தைச் செலுத்தியதும் நோயாளரின் நடுக்கம் நின்றது. நிறுத்தியதும் திரும்ப வந்தது. அதன் பின்னரே இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. அமெரிக்க அரசு 1997இல் நடுக்கத்துக்கும், 2002இல் பார்க்கின்சன் நோய்க்கும் இதற்கு ஒப்புதல் அளித்தது.

எப்படிச் செய்கிறார்கள்?

மூளைக்குத் தன் வலியை உணரும் திறன் இல்லை. ஆகவே தலையின் தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளர் விழித்திருக்கும்போதே பல நேரங்களில் இந்த அறுவை நடக்கிறது. “கையை நீட்டுங்கள், விரலை மடக்குங்கள்” என்று மருத்துவர் கேட்பார்; நடுக்கம் அடங்கும் இடமே சரியான இடம். பிறகு மின்முனையிலிருந்து கம்பி தோலுக்கடியில் கழுத்து வழியாக இறங்கி, மார்பில் தோலுக்கடியில் வைக்கப்பட்ட தீப்பெட்டி அளவான மின்கலப் பெட்டியில் சேரும். இதயத் துடிப்புக்கு வைக்கும் பேஸ்மேக்கரைப் போன்றதே இது. மனநோய்க்குக் கொடுக்கும் ‘ஷாக்’ சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நினைவையோ மனச்சான்றையோ எவரும் கம்பி வைத்து ஆட்டுவிப்பதும் இல்லை. அவ்வாறு அஞ்சுவோர் நம்மிடையே இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறைகளையும் மறைக்கலாகாது. இது நோயை வேரோடு களைவதன்று; நடுக்கத்தையும் விறைப்பையும் தணிப்பது. தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் நினைவு மங்கலும் இதனால் பெரிதும் தீர்வதில்லை. சிலருக்கு இரத்தக் கசிவோ கிருமித் தொற்றோ ஏற்படலாம். லெவோடோப்பாவுக்கு நன்கு இணங்கும் உடலும் தெளிந்த நினைவும் உள்ளவர்க்கே இது ஏற்றது. செலவோ பல இலட்சம். நெசவுக் கூலியில் வாழ்பவர் அதற்கு எங்கே போவார்? அறிவு வளர்ந்தும் அது ஏழையின் வாசலை எட்டாவிட்டால், நாம் பெருமை பேசுவதில் பொருளில்லை. 1990இல் ஓய்வு பெற்றபின் டாக்டர் கனகா தம் பெற்றோர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, இல்லாதவர்க்கு இலவச மருத்துவம் செய்தார். தம் வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் குருதி ஈந்தார். 2018 நவம்பரில் மறைந்தார். கலையோடு கருணையும் கைகோத்த வாழ்வு அது.

நாம் செய்யக்கூடியது

அறுவை எல்லார்க்கும் தேவையில்லை. மருத்துவரின் கண் எல்லார்க்கும் தேவை. நம் வீட்டில் எவருக்கேனும் கை நடுங்கினால், நடை சிறுத்தால், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். தொடங்கிய மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். சொன்ன நேரம் தவறாமல் கொடுங்கள். நாள்தோறும் சிறிது நடக்கச் செய்யுங்கள். கனமான தம்ளரும் ஆழமான தட்டும் சிந்துவதைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரைப் பின்கட்டிலிருந்து அழைத்துவந்து குடும்பத்தோடு உண்ணச் செய்யுங்கள்.

1986இல் சென்னைக்கு வந்து நம்மை ஆசீர்வதித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பின்னாளில் இதே நோயால் வருந்தினார். 2005இல் இறக்கும் வரையில் தம் நடுங்கும் கையை உலகத்தின் பார்வையிலிருந்து அவர் மறைத்துக்கொள்ளவில்லை. திருத்தந்தை மறைக்காததை நம் வீட்டுத் தாத்தா ஏன் மறைக்க வேண்டும்? நம்மைத் தூக்கி வளர்த்த கை அது. அது நடுங்கும்போது பற்றிக்கொள்ள வேண்டியவர்கள் நாமே.