துணை வண்டி இல்லாத நெடும்பயணம்: புறப்படும் முன் போட வேண்டிய கணக்குகள்

மாணவர்களே, கனடாவின் பான்ஃப் நகரில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒரு மலைமிதிவண்டிப் பந்தயம் தொடங்குகிறது. பெயர் டூர் டிவைட். ராக்கி மலைத்தொடரை ஒட்டிச் சுமார் 4,400 கிலோமீட்டர் ஓடி, மெக்சிகோ எல்லையில் முடிகிறது. பின்னால் துணை வண்டி வராது. வழியில் எல்லாருக்கும் பொதுவான கடைகளில் வாங்கலாம், விடுதிகளில் தங்கலாம். ஆனால், நண்பரோ உறவினரோ வந்து உதவக் கூடாது. பழுதானால் தாமே சரிசெய்ய வேண்டும். 2016-இல் பிரிட்டன் வீரர் மைக் ஹால் இதை 14 நாளுக்குள் முடித்தார். நாளுக்குச் சராசரியாக 300 கிலோமீட்டருக்கு மேல்!

இப்படிப்பட்ட பயணத்துக்குக் கால் வலிமை மட்டும் போதுமா? போதாது. நீர், உணவு, சக்கரம், தூக்கம் ஆகிய நான்குக்கும் வீட்டிலேயே கணக்குப் போட வேண்டும். லாயாங் லாயாங்கின் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுபவருக்கும் அதே கணக்குகள்தான். அவற்றை நீங்கள் படிக்கும் அறிவியல் பாடத்தைக் கொண்டே போடலாம்.

நீர்க் கணக்கு

நம் தசைகள் சிக்கனமான இயந்திரங்கள் அல்ல. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் மிதிக்கும் வேலைக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. நீங்கள் 100 வாட் ஆற்றலுடன் மிதித்தால், உடலில் சுமார் 300 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு மணி நேரத்தில் அது 1,080 கிலோஜூல்.

இந்த வெப்பத்தை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை. ஒரு கிலோ வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இயற்பியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் 'ஹாபா பெண்டாம்', அதாவது உள்ளுறை வெப்பம், இதுதான். 1,080-ஐ 2,400-ஆல் வகுத்தால் 0.45. அதாவது, மணிக்கு அரை லிட்டர் வியர்வை போதும் என்று தோன்றும்.

ஆனால், ஜொகூரின் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும்தான் நட்டம். அதனால் நம் ஊரில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கலாம்.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும், ஓட்டி முடித்து உடலைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். எடை 0.6 கிலோ குறைந்திருக்கிறது, இடையில் 0.3 லிட்டர் குடித்தீர்கள் என்றால், வியர்த்தது 0.9 லிட்டர். நெடுந்தூரத்தில் உப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். அது உயிருக்கே ஆபத்து.

சுமையைக் குறைக்க நீரைக் குறைக்கலாமா? குளுவாங்கின் லம்பாக் மலை 510 மீட்டர் உயரம். ஒரு லிட்டர் நீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றத் தேவைப்படும் வேலை 1 × 9.81 × 510, சுமார் 5 கிலோஜூல். தசைக்கு அதைப்போல் நான்கு மடங்கு தேவை; அதாவது 20 கிலோஜூல், ஏறக்குறைய 5 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டிச் சீனியில் 16 கிலோகலோரி இருக்கிறது! நீரைச் சுமக்கும் செலவு அவ்வளவு குறைவு. நீரைக் குறைக்காதீர்கள், தேவையற்ற துணிமணியைக் குறையுங்கள்.

உணவுக் கணக்கு

அதே 100 வாட் வேகத்தில் மணிக்குச் சுமார் 340 கிலோகலோரி செலவாகும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் 2,000 கிலோகலோரிக்கு மேல் தேறாது. உடல் கொழுப்பில் அதைப் போல் பல மடங்கு ஆற்றல் உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் கிடைக்கும். கிளைகோஜன் தீர்ந்தால் கால்கள் திடீரென்று ஓய்ந்துவிடும்.

ஆகவே பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. விலை உயர்ந்த பொட்டலங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. ஆனால், பயணத்தன்று எதையும் புதிதாகச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது. வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

சக்கரக் கணக்கு

மிதிவண்டி, சுமை, ஆள் எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரிந்தால் ஒரு சக்கரத்தின்மேல் சுமார் 400 நியூட்டன் விசை. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது அல்லவா? டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் ஏறக்குறைய 14 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையைத் தொடும், 25 பி.எஸ்.ஐ. என்றால் 23 சதுர சென்டிமீட்டர். மழையில் நனைந்த செம்மண்ணில் இந்தக் கூடுதல் பிடிப்பு உதவும். அதற்காக மிகவும் இறக்கிவிட்டால் கல்லில் மோதும்போது டியூப் நசுங்கிக் கிழியும்.

தோட்டப் பாதையில் இன்னொரு எதிரி, வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள். மாற்று டியூப், ஒட்டும் பட்டை, பம்பு, செயின் இணைப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்வது மட்டும் போதாது. வீட்டு வாசலில் பத்து நிமிடத்தில் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்தான் காட்டில் இருபது நிமிடத்தில் ஒட்டுவார்.

தூக்கக் கணக்கு

நீர் தீர்ந்தால் கடையில் வாங்கலாம். டியூப் கிழிந்தால் மாற்றலாம். தூக்கத்தை மட்டும் வாங்கவும் முடியாது, சுமந்து செல்லவும் முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. களைத்த மூளை சில விநாடி தானாகவே தூங்கிப்போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் மூடினால், 25 மீட்டர் பார்வையின்றி ஓடியிருப்பீர்கள்.

இருட்டே தனி ஆபத்து. முன்பு சொன்ன மைக் ஹால், 2017 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில், கன்பரா அருகே பொழுது விடியும் முன் கார் மோதி இறந்தார். பந்தயம் கைவிடப்பட்டது. உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவருக்கே இந்த நிலை. ஆகவே, இளையவர்கள் இரவில் ஓட்டவே வேண்டாம். மேகமூட்டமான பகலிலும் விளக்கு போடுங்கள். கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை கட்டுங்கள். மேலும் கீழுமாக அசையும் பட்டையைக் கண்டால், இது ஓர் ஆள் என்று வாகனமோட்டி விரைவில் புரிந்துகொள்வார்.

தொடங்குவது எப்படி?

மலேசியாவில் ஆடாக்ஸ் என்னும் நெடும்பயணங்கள் நடக்கின்றன. அவையும் துணை வண்டி இல்லாதவைதாம். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருவார்கள். அது பின்னாளைய இலக்காக இருக்கட்டும். இந்த வாரம் ஒரு பெரியவரின் துணையோடு, தோட்டத்தில் அனுமதி பெற்று, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வியர்வை எவ்வளவு, குடித்தது எவ்வளவு, சாப்பிட்டது என்ன, முந்திய இரவு தூங்கியது எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். அடுத்த மாதம் இரண்டு மணி நேரம் ஓட்டும்போது எதை எடுத்துச் செல்வது என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.