வினை கனியும் காலம்

"ஆண்டவன் நேரம் பார்த்துக் கொடுப்பான், பொறுமையா இரு" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். உலகைப் படைத்து வரம் கொடுக்கும் கடவுள் எங்கள் சமயத்தில் கிடையாது. அருகப் பெருமான் வழிகாட்டி. கேட்டதைக் கொடுப்பவர் அல்லர். "அப்படின்னா கஷ்டத்துல எதை நம்புவீங்க?" என்று மும்பையில் நண்பர்கள் பலர் கேட்டதுண்டு. என் சிற்றறிவுக்கு எட்டியவரை விடை சொல்கிறேன்.

அட்சய திருதியை அன்று எல்லோரும் நகைக்கடைக்குப் போகிறோம். சமணருக்கு அது ஒரு நீண்ட காத்திருப்பு முடிந்த நாள். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் துறவு பூண்டு ஆறு மாதம் உண்ணா நோன்பிருந்தார். பிறகு உணவு ஏற்கப் புறப்பட்டார். முனிவருக்கு எப்படி உணவளிப்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை. பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. மௌனமாகத் திரும்பி நடந்தார். மேலும் பல மாதங்கள் கழித்து, அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் என்னும் அரசகுமாரன் முற்பிறவி நினைவு வந்து, முறையறிந்து கருப்பஞ்சாறு வார்த்தான்.

இத்தகைய தடைக்கு எங்கள் நூல்கள் தரும் பெயர் அந்தராயம். எண்வகை வினைகளில் இதுவும் ஒன்று. கொடுத்தல், பெறுதல், நுகர்தல், மீண்டும் நுகர்தல், ஆற்றல் என்னும் ஐந்தையும் இது நடுவில் நின்று தடுக்கும். வினை கட்டிய உடனே பலன் தராது. அதற்கொரு தவணை உண்டு. தவணை வந்து பலன் தருவது உதயம். தந்து முடித்ததும் உதிர்ந்துவிடும். நாங்கள் நம்பும் காலம் இதுதான். ஆனால் அந்த நேரத்தில் கோபமோ வஞ்சனையோ பேராசையோ கொண்டால், பேரேட்டில் பழைய கடன் கழியும்போதே புதுக்கடன் ஏறிவிடும்.

படித்ததைச் சோதிக்க ஒரு நாள் வந்தது. 26.7.2005 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. மித்தி ஆறு பெருகி, குர்லாவில் இருந்த என் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். துவரம்பருப்பு மூட்டைகள் சாக்கடை நீரில் ஊறிப்போயின. பாதிக்குமேல் கடனுக்கு வாங்கிய சரக்கு. மூன்றாம் நாள் ஒரு தரகர் வந்து, "அண்ணாச்சி, காயவச்சு எண்ணெய் தடவி நல்லதோட கலந்துடலாம். இப்ப இருக்கிற தட்டுப்பாட்டுல யாரும் பார்க்கமாட்டாங்க" என்றார். பொய் சொல்வானேன், மனம் ஆடியது. மகளின் கல்லூரிக் கட்டணம் வேறு கண்முன் நின்றது.

அன்று மாலை சாமாயிகத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், விருப்பு வெறுப்பின்றி நடுநிலையில் இருக்கும் பயிற்சி அது. அமைதி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மூட்டைக் கணக்குதான் உள்ளே ஓடியது. எழுந்தபோது ஒன்று மட்டும் தெளிந்தது. வெள்ளம் என்னைக் கேட்டு வரவில்லை. கலப்படம் நான் சம்மதித்தால்தான் நடக்கும்.

மறுநாள் நனைந்த சரக்கு முழுவதையும் குப்பை லாரியில் ஏற்றினோம். "எத்தனை மூட்டைன்னு எண்ணாதீங்க, ஏத்தி விடுங்க" என்றாள் என் மனைவி. சரக்குக் கொடுத்தவர்களிடம் உள்ளதைச் சொல்லித் தவணை கேட்டேன். சிலர் தந்தார்கள். ஒருவர் தரவில்லை, அவருக்காக மனைவியின் வளையல்கள் போயின. கடன் தீர நான்கு வருஷம் ஆயிற்று. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.

புதுவினை நுழையாமல் வாசலை அடைப்பது செறிப்பு, பழையது கழிவது உதிர்ப்பு என்று தமிழ்ச் சமண நூல்கள் கூறும். இரண்டும் சேர்ந்ததுதான் பொறுமை. நீங்கள் வணங்கும் தெய்வம் எதுவானாலும், "நேரம் வரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அதுவரை எதைச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த அட்சய திருதியை அன்று அவர்களுக்கு ஒரு டம்ளர் கருப்பஞ்சாறு வாங்கிக் கொடுத்து, ரிஷபதேவர் கதையையும் சொல்லுங்கள்.