கூரைமேல் ஒரு திடல்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திடல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாலையில் பந்தாட்டம், திருவிழாவில் கூத்து, பொங்கலுக்கு உறியடி எல்லாம் அங்கேதான். தோட்டம் துண்டாடப்பட்டு, அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு நம் பாட்டிமார் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள்? மின்தூக்கி வாசலில்!

கோலாலம்பூரில் நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஆகவே திடலையே தூக்கிக் கூரைமேல் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில், பேரங்காடியின் தலைக்கு மேலே 10 ஏக்கர் பூங்கா 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. பால்வெட்டில் ஏறக்குறைய இரண்டு பேருக்குக் கொடுக்கும் நிரை அளவு! கட்டணம் இல்லை. கிள்ளானிலிருந்து வருவோர் கொமுட்டரில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, முசியம் நெகாரா நிலையத்துக்கு நடந்து எம்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையம். ஆனால், கடைகளின் வழியே பிள்ளைகளை அழைத்துப் போனால் பணப்பையைத் திறக்காமல் திரும்ப முடியாது. அது வேறு கதை.

மண்ணைக் கொட்டிச் செடி நட்டால் போதுமா? ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் உள்ள மண் மழையில் நனைந்தால் ஏறத்தாழ 50 கிலோ. பெரிய மரத்துக்கு மூன்று நான்கு அடி மண்ணாவது வேண்டும். அதனால்தான் கனமான மரங்களைத் தூண்களுக்கு நேர் மேலேயும், புல்லை இடைவெளிகளிலும் வைப்பது வழக்கம். மண்ணுக்கு அடியில் நீர் வடியும் அடுக்கு, வேர் துளைக்காத தடுப்பு, நீர் கசியாத பூச்சு. நம் ஊர் மழையில் வடிகால் அடைத்துக்கொண்டால் பூங்கா குளமாகும், குளம் கீழ்மாடியில் ஒழுகும். இந்தக் கணக்கை அஸ்திவாரத்துக்கு முன்பே போட வேண்டும். கட்டிய பிறகு கேட்டால், கூரை தாங்காது என்றுதான் பதில் வரும்.

சிங்கப்பூரில் 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டைப் பாருங்கள். கீழே வெள்ளநீரை இறைக்கும் இயந்திரங்கள். மேலே புல்வெளியில் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன. அரசாங்கக் கட்டடத்தின் கூரை மக்களுக்கு இப்படியும் பயன்படலாம்.

கிள்ளான் போன்ற ஊர்களில், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நீங்களும் கருத்து எழுதிக் கொடுக்கலாம். பொது மண்டபமோ சந்தையோ வருகிறதென்றால் கூரையைக் கேளுங்கள். கேட்கும்போது நிழலையும், கழிப்பறையையும், முதியவர்களுக்கு மின்தூக்கியையும் சேர்த்தே கேளுங்கள். வெறும் புல்லை மட்டும் விரித்து வைத்தால், பிற்பகல் மூன்று மணி வெயிலில் அங்கே காக்கைகூட உட்காராது.