சுரங்கத்துக்கு மேலே ஒரு சைக்கிள்

போன வாரம் வடசென்னையில் காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்துவிட்டு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் சைக்கிளை நிறுத்தினோம். இந்த வாரம் திருவொற்றியூர் என்று சொல்லியிருந்தேன். நடுவில் பிரான்ஸ் நாட்டுச் சுரங்க ஊர் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே மிதிக்க மனம் வரவில்லை.

பெல்ஜியம் எல்லையை ஒட்டிய ரூபே, துணி மில்களால் வளர்ந்த ஊர். 1896-ல் அங்கிருந்த இரண்டு மில் முதலாளிகள், பாரீஸிலிருந்து தங்கள் ஊருக்கு ஒரு சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கினார்கள். இன்றும் ஏப்ரலில் நடக்கிறது. வழியில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பதித்த பழைய வண்டிப்பாதைதான். முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் பாதையைப் பார்க்கப் போனவர்கள் கண்டது குண்டு விழுந்த பள்ளமும் பட்ட மரமும். ‘வடக்கின் நரகம்’ என்ற பெயர் அப்போது ஒட்டியது. ஊர்க்காரர்கள் அந்தப் பெயருக்குக் கூசவில்லை. ஜெயித்தவருக்குக் கோப்பையாகக் கொடுப்பதே அந்தப் பாதையின் ஒரு கருங்கல்.

அந்த வழியில்தான் அரன்பெர்க் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்க ஊர். காட்டுக்குள் கோடு கிழித்தாற்போல் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கல்பாதை. 1968-ல் அதைப் பந்தயத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜான் ஸ்டாப்ளின்ஸ்கி, 1962-ன் உலக சாம்பியன். போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். எந்தப் பாதைக்கு அடியில் கரி வெட்டினாரோ, அதே பாதையின் மேல் பந்தயம் ஓட்டினார்! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. 1989-ல் சுரங்கம் மூடப்பட்டது. இரும்புக் கோபுரங்களை இடிக்கவில்லை. 2012-ல் அந்தச் சுரங்க வட்டாரமே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதேபோல், ரூபேயில் 1932-ல் கட்டிய பொது நீச்சல்குளம் இன்று கலை அருங்காட்சியகம்.

இனி நம் ராயபுரம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் ஹௌராவிலும் முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை, இது நிற்கிறது. செவ்வாய்க்கிழமை அதன் தூணோரம் நின்றேன். ஒரு பெரியவர் கேரியரில் மீன் பெட்டியை டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் தண்ணீர் பின்சக்கரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. செயின் முழுக்க உப்புக்காற்றின் துரு. “தெனம் எண்ணெய் போட்டாதாம்பா ஓடும்” என்றார்.

துறைமுகம், மீன், ரயில், தொழிற்சாலை, அனல்மின் நிலையம் என்று இந்த வடசென்னையின் உடம்பில் நகரமே பிழைக்கிறது. சென்னையைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் மெரினாவோடு திரும்பிவிடுவது அநியாயம்.

நம்மிடமும் சைக்கிள் பந்தயம் உண்டு. அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான் அனுமதி. 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர். ராயபுரம் நிலையத்திலிருந்து கடலோரமாக எண்ணூர் முகத்துவாரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே ஒரு ஞாயிறு காலை கன்டெய்னர் லாரிகளை நிறுத்திவிட்டு, அந்தச் சாலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இது என் வேண்டுகோள்.

திருவொற்றியூர் அடுத்த வாரம், நிச்சயமாக. அங்கே கோயிலில் ஆதிபுரீஸ்வரரின் கவசத்தைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே திறக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குவோம்.