பிழை திருத்துதலின் அரசியல்: திருத்தணியிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் தெருக்காரர்கள் செல்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். தண்ணீர், கரண்ட், சாவுச் செய்தி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் வரும். போன கோடையில் ஓர் அம்மா அதில் எழுதினார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். 'மூனு நாளா தண்ணி வரள. யாரும் கேக்க மாட்டீங்கலா?' என்பது அவர் எழுதியது. நான் இருபது வருஷத்துக்கு மேல் சிற்றிதழ்களுக்கு மெய்ப்புப் பார்த்தவன். கை சும்மா இருக்குமா? 'வரல என்று எழுத வேண்டும். மாட்டீங்களா, ளகரம். வறள என்றால் காய்ந்துபோக என்று பொருள், அதுவும் பொருத்தம்தான்' என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன். பன்னிரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அது இன்னும் இரண்டு நாள் வரவில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் ஒரு கோரிக்கை வைக்கிறார். பதில் வர வேண்டிய இடத்தில் மதிப்பெண் வருகிறது. தெருவில் உரிமையோடு கேள்வி கேட்ட ஒருவர், ஒரே நொடியில் வகுப்பில் நிற்கவைக்கப்பட்ட மாணவியாகிறார். நம் கூட்டங்களில், துண்டறிக்கைகளில், பத்திரிகை அலுவலகங்களில் இது தினமும் நடக்கிறது. செய்கிறவர்கள் எதிரிகள் இல்லை, நாம்தான். ஆகவே எதைத் திருத்துகிறோம், யாரைத் திருத்துகிறோம், எப்போது திருத்தலாம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1. காதும் கண்ணும்

எழுத்துப் பிழை என்பது மொழி தெரியாததன் அடையாளம் என்று நம்புகிறோம். உண்மையில் அது வேறொன்றின் அடையாளம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இன்று பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு கிடையாது. நகரமும் னகரமும் காதுக்கு ஒன்றுதான். ழகரம் சென்னைப் பக்கம் யகரமாகிறது, தெற்கே போனால் ளகரமாகிறது. 'பறவை'க்கு எந்த ற, 'பரவை'க்கு எந்த ர என்று காது சொல்லித் தராது. கண்தான் சொல்லித் தர வேண்டும். கண்ணுக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? நிறையப் படித்தால் வரும். நிறையப் படிக்க வீட்டில் புத்தகம் வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஆண்டுகள் வேண்டும், படிக்க ஓய்வு வேண்டும். ஆக ஒருவர் எழுதும் றகரத்தைப் பார்த்து நாம் கண்டுபிடிப்பது அவருடைய தமிழை அல்ல, அவர் எத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார முடிந்தது என்பதை. பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொழியை ஒரு சந்தையாகப் பார்த்தார். அந்தச் சந்தையில் 'சரியான' மொழி ஒரு மூலதனம், அது உள்ளவன் மற்றவனுக்கு விலை போடுகிறான் என்றார். நான் அன்று போட்ட சிரிப்புப் பொம்மை அப்படியொரு விலைச்சீட்டு.

எங்கள் ஊரில் இது இன்னும் சிக்கல். திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அந்தப் பக்கம் போனது. பிறகு படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லைதான் நகர்ந்தது, வீடுகள் நகரவில்லை. ஒரே தெருவில் இரண்டு மொழி, ஒரே வீட்டில்கூட இரண்டு மொழி. ஆசிரியர் தினம் யார் பிறந்தநாளில் கொண்டாடப்படுகிறதோ அந்த ராதாகிருஷ்ணன், 1888இல் இந்தப் பகுதியில் பிறந்தது தெலுங்கு பேசும் குடும்பத்தில்தான். தெலுங்கிலும் ஒரு காலத்தில் ழகரம் இருந்தது, பழைய கல்வெட்டுகளில் இருக்கிறது. பின்னால் வழக்கொழிந்துவிட்டது. 'பண்டி ர' என்று அவர்கள் சொல்லும் வல்லின றகரமும் இன்றைய எழுத்தில் அநேகமாக இல்லை. 2006ஆம் ஆண்டின் சட்டம் தமிழைப் பள்ளிகளில் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. அதற்கு முன்னால் தமிழே எழுதாமல் பள்ளியை முடித்தவர்கள் இந்த எல்லையோரத்தில் உண்டு. அந்த அம்மா தன் இரண்டாவது மொழியில், தானாகக் கற்ற எழுத்தில், தெருவுக்காக எழுதினார். முதல் மொழியிலேயே நாம் வாய் திறக்காமல் இருந்தோம்.

2. பிழையும் வேறுபாடும்

எல்லாவற்றையும் 'பிழை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பாதி வேறுபாடுகள்.

மலைமேல் இருப்பது கோயிலா, கோவிலா? ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் வர வேண்டும், ஆகவே 'கோவில்' என்பார் ஒருவர். இலக்கிய வழக்கில் 'கோயில்' காலகாலமாக இருக்கிறது என்பார் இன்னொருவர். இரண்டும் சரி. ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்று எழுதுவார்கள், நாம் 'டொராண்டோ' என்கிறோம். அவர்களுடைய உச்சரிப்புக்கும் மரபுக்கும் அது ஒழுங்கான எழுத்து. ஆனால் இங்கே அச்சாகும்போது எத்தனை ஈழக் கட்டுரைகளில் நானே சிவப்பு மையால் அதை 'நேராக்கி'யிருக்கிறேன்! கி.ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குக்கென்று அகராதி கொண்டுவந்தார். 1992இல் பாமாவின் 'கருக்கு' பேச்சுமொழியிலேயே வந்தது. இவற்றைப் பாராட்டிக் கட்டுரை எழுதும் நாமே, அதே மொழி புத்தக அட்டை இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் வந்தால் பிழை என்கிறோம்.

இன்னொன்று. பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் ணா, றா, லை போன்றவற்றைக் கொம்பும் சுழியும் நீக்கி எளிய வடிவில் அச்சிடத் தொடங்கினார். பள்ளிக்கூட வாத்தியார் பார்வையில் அது முழுக்கப் பிழை. நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, 1978 அக்டோபரில், அதுவே அரசாணையாயிற்று. பதின்மூன்று எழுத்துகள் மாறின. இன்று நான் மெய்ப்புத் திருத்துவதே அந்தப் 'பிழை'யான எழுத்தில்தான். அவர் எழுதிய 'அய்', 'அவ்' ஆணைக்குள் வரவில்லை. ஆகவே 'அய்யா' இன்னும் சிலருக்குப் பிழை, சிலருக்குக் கொள்கை. சரி எது என்பதைத் தீர்மானித்தது இலக்கணம் மட்டுமல்ல, அச்சகமும் இயக்கமும் கோட்டையும் சேர்ந்துதான்.

உண்மையிலேயே பிழையாக இருப்பவற்றுக்குள்ளும் ஒரு அறிவு இருக்கிறது. 'சுவற்றில் எழுதாதீர்' என்று பார்க்கிறோம். சுவர் + இல் = சுவரில் என்பதுதான் சரி. ஆனால் 'சுவற்றில்' என்று எழுதியவர் எதை யோசித்தார்? கிணறு கிணற்றில், சோறு சோற்றில், ஆறு ஆற்றில். இந்த வரிசையில் சுவரையும் வைத்தார். ஒரு விதியைப் புரிந்துகொண்டு கொஞ்சம் அதிகமாக நீட்டிவிட்டார், அவ்வளவுதான்.

என் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வரல' என்பது எந்த இலக்கண நூலில் இருக்கிறது? எழுத்துத் தமிழில் 'வரவில்லை'. பேச்சுத் தமிழை எழுதுவதற்கு ஒப்புக்கொண்ட விதி நம்மிடம் கிடையாது. இல்லாத ஒரு சட்டத்தின் பேரில் நான் தண்டனை கொடுத்திருக்கிறேன்.

3. பிழைக்கு விலை கொடுப்பவர்

'அப்படின்னா யார் எப்படி வேணா எழுதலாமா தோழர்?' என்று கேட்பீர்கள். இல்லை. எழுத்து ஒழுங்கு ஏழைக்குத்தான் அதிகம் தேவை. எங்கள் பக்கத்தில் ஒரே பெயர் தெலுங்கு வாயில் 'முனெம்மா', தமிழ் வாயில் 'முனியம்மா'. அது ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது மூன்றாவது ஒன்றாகிறது. ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. ஒரு எழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் முதியோர் பணம் நிற்கிறது, பிள்ளையின் சான்றிதழ் நிற்கிறது. எழுதியது வேறு யாரோ. அலைவதும், கூலி இழப்பதும், பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் வரை போவதும் அந்தப் பெயருக்கு உரியவர். இங்கே பிழையைப் பார்த்தும் 'அவங்க மனசு சங்கடப்படுமே' என்று வாயை மூடிக்கொள்வதுதான் நாகரிகமற்ற செயல். சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், மனுவும் எழுதித் தர வேண்டும்.

அதிகாரம் தன் பிழையை எப்படிக் கையாள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் தவறல்ல. ஆனால் 'வேலூர்' ஆங்கிலத்தில் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆகிவிட்டது. ஊரே சிரித்தது. அந்த ஜூன் மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசுக்கு 1,018 பெயர்களைச் சில நாட்களில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிறது. முனியம்மா ஒரு யகரத்துக்காக வருஷக்கணக்கில் நடக்கிறார்.

4. நம்மிடம் இருந்த மரியாதை

திருத்துவதற்கு நம் மரபிலேயே மரியாதையான வழிகள் இருக்கின்றன. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். அப்படிப்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தான் எடுத்துக்கொண்ட பாடத்தை மேலே போட்டு, விட்டுவிட்டவற்றைப் பிரதிபேதம் என்று கீழே காட்டினார். தனக்குத் தவறாகப் பட்டதையும் அழிக்கவில்லை. அடுத்து வருகிறவர் தன்னைத் திருத்துவதற்கு இடம் விட்டார். எதிரே இருப்பவர் எழுதியதைப் 'பிழை' என்று தொடங்காமல் 'பேதம்' என்று தொடங்கிப் பார்க்கலாம்.

நக்கீரர் கதையை நாம் எப்போதும் நக்கீரர் பக்கமிருந்தே படிக்கிறோம், தருமி பக்கமிருந்தும் படிக்க வேண்டும். பாட்டு இறைவனுடையது. அவமானம், சபை நடுவில், பொற்கிழிக்கு வந்த ஏழைக்கு. நக்கீரரின் பெருமை தருமியைத் திருத்தியதில் இல்லை, இறைவனே வந்து நின்றபோதும் பின்வாங்காததில் இருக்கிறது. திருத்தம் மேல்நோக்கிப் போகும்போது துணிவு, கீழ்நோக்கிப் போகும்போது பெரும்பாலும் வெறும் வசதி.

எங்கள் ஊர் தமிழகத்தில் சேர வடக்கெல்லைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். வேலையிலும் சிறையிலும் கற்ற தமிழால்தான் சிலம்புச் செல்வர் ஆனார். அப்படிப்பட்டவரின் போராட்டத்தால் தமிழ்நாட்டுக்கு வந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிப்படிப்பை வைத்து ஒருவருடைய மொழியை அளந்தது எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

5. நடைமுறைக்கு

நான் எனக்கு வைத்துக்கொண்ட சில ஒழுங்குகளைச் சொல்கிறேன். விவாதிக்கலாம்.

முதலில், சொல்லப்பட்ட விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் என்றால் தண்ணீர். திருத்தம் இருந்தால் அப்புறம். பிழையால் பொருள் மாறுகிறதா, எழுதியவருக்கு நஷ்டம் வருமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடலாம். சொல்வதானால் தனியாக, காரணத்தோடு சொல்ல வேண்டும். 'தப்பு' என்பதைவிட 'சுவர் என்பதால் சுவரில்' என்பது உதவும். வேறுபாடாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும்: 'உங்க பக்கத்துல இப்படித்தான் எழுதுவாங்களா?' அச்சுக்குப் போகிற எழுத்தைத் திருத்துவது மெய்ப்புப் பார்ப்பவன் வேலை, ஆனால் எழுதியவரைக் கேட்டுவிட்டு. வாதத்தில் தோற்கும்போது எதிராளியின் ஒற்றுப் பிழையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அமைச்சர் அறிக்கை, பாடநூல், அரசுப் பலகை, பெரிய பத்திரிகைத் தலைப்பு இவற்றில் பிழை இருந்தால் சபையில், உரக்கச் சொல்லலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்கள் அவர்கள்.

அந்த அம்மாவைப் பிறகு ஒருநாள் குழாயடியில் பார்த்தேன். 'அன்னைக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதும்மா. அப்புறம் நீங்க எழுதவே இல்லையே' என்றேன். அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. 'எதுனா சொல்லணும்னா எம் பொண்ணு எழுதித் தருவா சார். அவளுக்கு வேலைக்குப் போய்ட்டு வந்து நேரம் கிடைக்கணும் இல்ல' என்றார். குடம் நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கட்டுரையிலும் பிழைகள் இருக்கும். சுட்டிக்காட்டி எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்ன விஷயத்துக்கும் ஒரு வரி பதில் எழுதுங்கள்.