ஊர்க்கோழியின் காசநோயும் வீட்டாரின் இருமலும்

சண்டிலிப்பாய்ப் பக்கத்து வளவுகளில் ஊர்க்கோழிக்கு ஆயுள் கெட்டி. முட்டை குறைந்தாலும் அடைவைக்க உதவும் என்று பேட்டை இரண்டு மூன்று வருடம் விட்டுவைப்பார்கள். பறவைக் காசநோய் பெரும்பாலும் இப்படி வயதுபோன கோழிகளில்தான் வெளிப்படும். பண்ணைகளில் முட்டைக்கோழியை ஏறத்தாழ ஒன்றரை வயதில் கழித்துவிடுவதால் அங்கே இதை அதிகம் காண முடியாது.

கிருமி வேறு, வழி வேறு

மனிதரின் காசநோய்க் கிருமியை ரொபேர்ட் கொக் 1882இல் கண்டறிந்தார். கோழிக்கு வருவதும் அதுவே என்ற எண்ணம் சில காலம் இருந்தது. பின்னர்தான் அது மைக்கோபக்டீரியம் ஏவியம் என்ற தனிக் கிருமி எனத் தெளிவாயிற்று. மனிதக் காசநோய் இருமலோடு காற்றில் பரவும். கோழியின் நோயோ எச்சம் கலந்த மண், தீனி, தண்ணீர் வழியாகக் குடலுக்குள் போகும். வளர்ப்புக் கிளிக்கு மட்டும் நிலைமை சற்று வேறு: காசநோயுள்ள எசமானிடமிருந்து மனிதக் கிருமியே அதற்குத் தொற்றலாம்.

கோழியில் எப்படித் தெரியும்?

நன்றாகத் தீன் எடுக்கும், ஆனால் உடம்பு தேறாது. தூக்கி நெஞ்சைத் தடவினால் சதை வற்றி, நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோலக் கையில் படும். கொண்டை வெளிறும், முட்டை நிற்கும், கழிச்சல் விடாது. சில கோழிகள் ஒரு காலை நொண்டும். அறுத்துப் பார்த்தால் ஈரல், மண்ணீரல், குடல் ஆகியவற்றில் சாம்பலும் மஞ்சளுமான முடிச்சுகள் இருக்கும். நுரையீரலில் அவ்வளவாக இராது.

மனிதருக்கு வருமா?

கோழியிடமிருந்து நேரடியாக வருவது மிக அரிது. இந்தக் கிருமிக் கூட்டம் மண்ணிலும் நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. மனிதருக்கு அது பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்; ஆளிடமிருந்து ஆளுக்குப் பொதுவாகப் பரவாது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கியவர்கள், அதை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், பழைய காசநோயாலோ புகைப்பழக்கத்தாலோ நுரையீரல் பழுதானவர்கள் கவனமாக இருக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்தின் ஒரு பக்கத்தில் நோவில்லாத நெறிகட்டியாகவும் இது வரலாம்.

சளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டு கிருமியும் ஒன்றுபோலவே தெரியும். ஜீன்எக்ஸ்பர்ட், வளர்ப்புச் சோதனை போன்றவையே பிரித்துச் சொல்லும். சிகிச்சை வேறுபடுவதால் இது முக்கியம். சாதாரண காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து. ஏவியம் வகை நுரையீரலைப் பிடித்தால் அசித்ரோமைசின் போன்றவற்றை வேறு மருந்துகளோடு சேர்த்து, சளி சுத்தமான பின்னும் 12 மாதம் கொடுக்கவேண்டும்.

கூட்டில் செய்யவேண்டியவை

• நோய்ப்பட்ட கோழிக்கு வைத்தியம் பார்ப்பதில் பயனில்லை, தடுப்பூசியும் இல்லை. அரச கால்நடை வைத்தியருக்கு அறிவித்து, கழித்து, ஆழமாகப் புதையுங்கள். நாய்க்கோ பன்றிக்கோ போடவேண்டாம்.
• முடிச்சுள்ள இறைச்சியைச் சமைக்கவேண்டாம். நல்ல கோழியையும் முட்டையையும் முழுதாக வேகவைத்துச் சாப்பிடலாம்.
• கிருமி மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். புதுக் குஞ்சுகளைப் பழைய கூட்டில் விடாமல் வேறிடத்தில் வளருங்கள். கிழட்டுக் கோழியையும் குஞ்சையும் ஒன்றாக விடாதீர்கள்.
• காய்ந்த எச்சத்தைத் தண்ணீர் தெளித்துவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கூட்டுங்கள். தோட்டத்துக்குக் கோழி எரு அள்ளும்போதும் அப்படியே. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விடுவது நல்லது.

இரண்டு கிழமை இருமல்

வீட்டில் ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு இருந்தால் கோழிக்கூட்டைக் குற்றம் சொல்லிக் காலம் கடத்தக்கூடாது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் காசநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அரசாங்க மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் கோழி வளர்ப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆனால் முதலில் சளியைக் கொடுங்கள்.