வாசகரின் நேரமும் மாணவரின் தேடலும்

அரபு மொழியில் 'பஹ்ஸ்' என்னும் சொல் ஆய்வு என்ற பொருளில் வழங்குகிறது. மண்ணைக் கிளறித் தேடுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். 'மஸ்அலா' என்பதும் கேட்டல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல்லாகும். கேள்வியையே கல்வியின் வாயிலாகக் கொண்ட மரபு இச்சொற்களில் உறைந்துள்ளது. இன்றைய கல்வியாளர் 'தேடல்வழிக் கற்றல்' என்று குறிப்பிடும் முறையும் அவ்வாயில் வழியே நுழைவதுதான். பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர் பள்ளி நூலகராகும்போது இம்முறை அவரிடம் வேண்டுவது யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

ஆசிரியப் பணியிலிருந்து நூலகத்திற்கு வந்தோருள் தலையாயவர் எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளியான நூலில் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதாகும். நூலகர்கள் உலகெங்கும் போற்றும் விதி இது. எனினும் பள்ளி நூலகத்தில் இவ்விதி ஒரு சிக்கலை எழுப்புகிறது. மாணவன் கேட்டதும் விடையுள்ள பக்கத்தையே திறந்து கொடுத்தால் அவனது நேரம் மிஞ்சும், கல்வி மிஞ்சுமா?

இதற்கு ஒளி தருபவை அமெரிக்க அறிஞர் கேரல் கூல்தாவின் ஆய்வுகள். அவரும் பள்ளி நூலகராகப் பணியாற்றியவரே. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டுரைக்காகத் தகவல் தேடுவதை 1980களில் கூர்ந்து ஆராய்ந்த அவர், அத்தேடலை ஆறு படிகளாகப் பகுத்தார்: தொடக்கம், தலைப்பைத் தேர்தல், துருவிப் பார்த்தல், நோக்கை வரையறுத்தல், செய்தி திரட்டல், எடுத்துரைத்தல். தலைப்பைத் தேர்ந்ததும் மாணவரிடம் உற்சாகம் எழுகிறது. மூன்றாம் படியில் அது தளர்ந்துவிடுகிறது. நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு குழப்பமும் ஐயமும் மிகுகின்றன. இக்குழப்பம் மாணவரின் திறக்குறைவு அன்று, தேடலின் இயல்பான கட்டமே என்பதுதான் அவ்வாய்வின் பெரும்பயன். நான்காம் படியில் தனக்கென ஒரு நோக்கு பிறந்த பின்னரே தெளிவு வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மாணவி ஒருத்தி காயல் துறைமுகத்தைத் தலைப்பாகக் கொள்கிறாள் என வைத்துக்கொள்வோம். அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டிய நாட்டில் வந்திறங்கிய செய்தியை மார்க்கோ போலோவும் எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியுள்ளார். பராமரிப்புக் குறைவால் அவை நெடுநாள் பயன்படவில்லை என்று இருவருமே கூறுகின்றனர். இங்கே மாணவி திகைத்து நிற்பாள். அவ்வேளையில் நூலகர் கேட்கத் தக்கவை சில உண்டு. இவ்விருவருள் நேரில் கண்டவர் யார்? செவிவழி அறிந்து எழுதியவர் யார்? உள்ளூர்ச் சான்று ஏதேனும் உண்டா? குதிரைகள் மடிந்துகொண்டே இருந்தால் ஆதாயம் எவருக்கு? அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த ஹதீஸ் கலை வல்லுநர்களின் வினாக்களுக்கு இவை அந்நியமானவை அல்ல. காயல் என்ற பரந்த தலைப்பு, மாணவிக்கே உரிய ஒரு வினாவாகச் சுருங்கும் இடம் இதுவே.

ஆசிரியருக்கு இங்கேதான் சோதனை. வகுப்பறையில் விடையளித்துப் பழகிய நா, நூலகத்தில் சற்று அடங்க வேண்டும். அதன் பொருள் மாணவரைக் கைவிடுவதன்று. தனியே செய்ய இயலாததை உதவியுடன் செய்யக்கூடிய தருணத்தை அறிந்து துணைநிற்பதே நூலகரின் கடமை. பாட ஆசிரியருடன் கலந்து பணியைத் திட்டமிடுதல், ஒரே பொருள் பற்றி மாறுபட்ட நூல்களை எடுத்து வைத்தல், துருவிப் பார்க்கவென்றே சில பாடவேளைகளை ஒதுக்குதல், முடிந்த கட்டுரையோடு மாணவரின் வினாக்குறிப்பேட்டையும் மதிப்பிடுதல் ஆகியன அதற்கு உதவும்.

இவ்வாறு நோக்கின் இரங்கநாதனின் விதியும் பிழைபடாது. நூலைத் தேடியலையும் நேரத்தை நூலகர் மிச்சப்படுத்தட்டும். சிந்திப்பதற்குரிய நேரத்தை மாணவருக்கே விட்டுவைக்கட்டும். செயற்கை நுண்ணறிவு நொடியில் விடை எழுதித் தரும் இந்நாளில் இப்பாகுபாடு முன்னிலும் இன்றியமையாதது. நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் நூலகப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்கள் இதனை மனங்கொள்வார்களாக.